“எம்இஎல்-ல இருக்கு, லீகல்தான்” என்று கேப்டன் சொன்னால்?

கேள்வி: வணக்கம் கேப்டன் சார். டெல்லி பேஸில் ஏ320 ஓட்டும் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) நான். லைனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போன ஜூனில் ஒரு நாள், மதியம் இரண்டு மணி செக்டர். ஏபியு (வாலில் இருக்கும் துணை எஞ்சின்) ரிப்பேர், எம்இஎல் (எந்தப் பழுதோடு பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) போட்டு ஏழாவது நாள். ஏரோபிரிட்ஜ் இல்லாத ரிமோட் பே. தரை ஏசி வண்டி வரவில்லை. போர்டிங் முடித்துக் கதவை மூடிய பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் ஏர் ஸ்டார்ட் வண்டிக்காக 35 நிமிடம் காத்திருந்தோம். இரண்டு பயணிகள் மயங்கி விழுந்தார்கள், அதில் ஒருவர் கர்ப்பிணி. கதவைத் திறந்து டாக்டரை வரவழைக்க வேண்டியதாகிவிட்டது. இது சரியாக வராது என்று எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது. கேப்டன், “எம்இஎல்-ல இருக்கு, லீகல்தான்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏசி இல்லை என்பதற்காக ஒரு விமானத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? அது சொகுசு சம்பந்தப்பட்டதா, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதா? ஃபர்ஸ்ட் ஆபீசர் என்ன செய்ய முடியும்? வீட்டை அடகு வைத்துத்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பதில்:

தம்பி, முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். சொல்லலாம். ஏபியு இல்லை, வெளியே 45 டிகிரி, தரையிலிருந்து குளிர்காற்று கிடைக்கவும் வழியில்லை என்றால், கேப்டன் அந்த விமானத்தை அந்த நிலையில் ஏற்க மறுக்கலாம். மறுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நான் அப்படி மறுத்திருக்கிறேன். மறுக்காமல் போய் வருந்தியும் இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானத்தின் வால் நுனியில் ஒரு சின்ன எஞ்சின் இருக்கிறது. அதுதான் ஏபியு. விமானம் தரையில் நிற்கும்போது மின்சாரமும் அழுத்தக் காற்றும் கொடுப்பது அதன் வேலை. ஏசி ஓடுவதும், பெரிய எஞ்சின்களைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வதும் அந்தக் காற்றில்தான். அது இல்லையென்றால் மின்சாரத்துக்கு ஒரு வண்டி, எஞ்சின் ஸ்டார்ட் செய்ய ஒரு வண்டி, குளிர்காற்றுக்கு ஏரோபிரிட்ஜின் மஞ்சள் குழாய் அல்லது இன்னொரு வண்டி வேண்டும். பறக்க ஆரம்பித்துவிட்டால் எஞ்சின் காற்றிலேயே ஏசி நன்றாக ஓடும். அதனால்தான் ஏபியு இல்லாமலும் விமானம் பறக்கலாம் என்று அனுமதி இருக்கிறது. பிரச்சினை எல்லாம் தரையில்தான்.

எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தால் பறக்கலாம், எத்தனை நாள் பறக்கலாம், என்ன நிபந்தனையில் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்தான் எம்இஎல். பி பிரிவு என்றால் மூன்று நாள், சி பிரிவு என்றால் பத்து நாள், டி பிரிவு என்றால் 120 நாள். பழுது கண்டுபிடித்த நாளை இதில் சேர்ப்பதில்லை. ஏபியு பெரும்பாலும் சி பிரிவில்தான் வரும். உங்கள் விமானம் ஏழாவது நாளில் இருந்தது என்றால் கணக்குப்படி இன்னும் மூன்று நாள் பாக்கி. உங்கள் கேப்டன் சொன்னது பொய் இல்லை.

ஆனால் அவர் சொன்னது பாதிதான். எம்இஎல்லைத் திறந்தால் எல்லாரும் நேராக 49-ஆம் அத்தியாயத்துக்கு, ஏபியு பக்கத்துக்குப் போகிறோம். எம்இஎல்லின் முன்னுரையை டைப் ரேட்டிங் (இந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சி) சமயத்தில் ஒரு தடவை படித்ததோடு சரி. இன்றைக்கு ராத்திரி அதை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பழுதுகள் சேரும்போது அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும், விமானிகளின் வேலைப்பளு எவ்வளவு கூடும் என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். பட்டியல் அனுமதித்த பழுதாக இருந்தாலும், புறப்படும் முன் சரி செய்தாக வேண்டும் என்று கேப்டன் கேட்டால் அவர் முடிவே மேலோங்கும் என்ற கருத்தும் இருக்கும். சர்வதேச அளவில், ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 2-ஆம் இணைப்பு, விமானம் பற்றிய இறுதி அதிகாரம் கேப்டனிடம்தான் என்கிறது. 6-ஆம் இணைப்பு, விமானம் பறக்கத் தகுதியானது என்று கேப்டனுக்குத் திருப்தி ஏற்படாமல் புறப்படக் கூடாது என்கிறது. எம்இஎல் கொடுப்பது அனுமதி. அதை இன்றைக்கு, இந்த பே-யில், இந்த வெயிலில் எடுத்துக்கொள்வதா என்பதைக் கேப்டன்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம். வெயில் இறக்கையின் தூக்கும் சக்தியைப் பாதித்தால் நாம் யாரும் வாதாடுவதில்லை. 2017 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் வெப்பம் 48 டிகிரியைத் தொட்டபோது, சிறிய சிஆர்ஜே ரக விமானங்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தார்கள். நம் லடாக்கின் லே விமான நிலையத்திலும் 2024 ஜூலையில் வெப்பம் கூடியதால் விமானங்கள் நின்றன. பெர்ஃபார்மன்ஸ் அட்டவணையில் ஒரு எண் இருக்கிறது, அதைத் தாண்டினால் யாரும் கேப்டனுக்குப் போன் போட்டு “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று கேட்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு அப்படி ஓர் எண்ணை நாம் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் அது சொகுசு விஷயமாகத் தெரிகிறது. அமெரிக்காவில் ஏசி பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, 161 என்ற எண்ணில் விமான கேபினுக்கென்றே ஒரு தரம் வகுத்திருக்கிறது. அதன்படி கேபின் சாதாரணமாக 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது, நம் கணக்கில் சுமார் 27. அது பரிந்துரைதான், சட்டம் ஆகவில்லை. அங்குள்ள கேபின் குழுவினர் சங்கம் 2018-இல் இதைச் சட்டமாக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்தது.

சொகுசா பாதுகாப்பா என்ற உங்கள் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறான். 180 பேர் என்றால் 18 கிலோவாட். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி பதினெட்டைச் சுடவைத்து, வெயிலில் நிற்கும் ஒரு தகரக் குழாய்க்குள் வைத்துக் கதவை மூடுகிறோம். வெளியே 45. உடம்பின் மேல்தோல் சுமார் 35. சுற்றியுள்ள காற்று அதைத் தாண்டிவிட்டால் வியர்வை ஆவியாவது ஒன்றுதான் உடம்பைக் குளிர்விக்கும் வழி. காற்று மாறாத கேபினில் எல்லாருடைய மூச்சும் வியர்வையும் சேர்ந்து ஈரப்பதம் ஏறிக்கொண்டே போவதால் அந்த வழியும் அடைபடுகிறது. முதலில் விழுவது கைக்குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிறவர்கள். உங்கள் விமானத்திலும் அப்படித்தானே நடந்தது?

மயங்கியவர் எழுந்து ஓட முடியாது. அவசரம் வந்தால் பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடியில் எல்லாரும் வெளியேற முடியும் என்று நிரூபித்துத்தான் விமானத்துக்குச் சான்று வாங்குகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் வெயிலில் துவண்டு கிடக்கவில்லை. இந்தப் பக்கம் காக்பிட்டில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, டேக்-ஆஃப் கணக்கைச் சரிபார்க்கிறோம். எண்களை மாற்றிப் போடுவதற்கு அதைவிடத் தோதான சூழ்நிலை வேண்டுமா?

வெப்பத்தை விட்டாலும் காற்றோட்டம் இருக்கிறது. 1977-இல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது, காற்றோட்டம் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் 54 பேர், அவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் அவர்களில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். காசநோய் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் விமானப் பயண வழிகாட்டியும், காற்றோட்டம் இல்லாமல் தரையில் நிற்பது 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. நீங்கள் நின்றது 35.

உங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூலை 17 அன்று லாஸ் வேகாஸில், சுமார் 44 டிகிரி வெயிலில், அட்லாண்டா போக வேண்டிய டெல்டா விமானம் ஒன்றில் பயணிகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே விசாரணையில் இறங்கியது. 2024 மே 30 அன்று உங்கள் டெல்லியிலேயே, சான் ஃபிரான்சிஸ்கோ போகும் ஏர் இந்தியா விமானத்தில் ஏசி இல்லாமல் சிலர் மயங்கினார்கள். அடுத்த நாளே டிஜிசிஏ விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஒழுங்குமுறை அமைப்பு நோட்டீஸ் அனுப்பும் ஒரு விஷயத்தைச் சொகுசு என்று ஒதுக்க முடியுமா?

இப்போது என் கதை. கேப்டனாகி நான்கு வருஷம் ஆகியிருந்த நேரம், மே மாதக் கடைசி, வட இந்தியாவில் ஒரு ஊர். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பது வேண்டாம். ஏபியு எம்இஎல், அதோடு ஒரு பேக்கும் (ஏசி காற்றைக் குளிர்விக்கும் யூனிட்) எம்இஎல். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். நானும் உங்கள் கேப்டன் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். ஸ்டார்ட் வண்டி அங்கே ஒன்றுதான் இருந்தது, அது வேறொரு விமானத்தில் நின்றது. இருபது நிமிடம் கழித்து லீட் கேபின் க்ரூ உள்ளே வந்தாள். எதுவும் சொல்லவில்லை, தன் கையில் இருந்த சேஃப்டி கார்டைக் காட்டினாள். யாரோ அதை விசிறியாக வீசி வீசி நடுவில் மடிந்து கிழிந்திருந்தது. “எல்லா ரோவிலும் இப்படித்தான் சார்” என்றாள். நான் எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். பதினோராவது வரிசையில் ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் “இதோ ஐந்து நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பத்து நிமிடத்தில் அவர் சரிந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அந்தக் கும்பிடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை, வெயில் காலத்தில் குளிர்காற்றுக்கு உறுதி கிடைக்காமல் ஏபியு இல்லாத விமானத்தில் ஒரு பயணியைக்கூட ஏற்றவிட்டதில்லை.

எப்படி மறுப்பது என்பதுதான் தொழில். “நான் ஓட்ட மாட்டேன்” என்று சொன்னால் அது மனிதர்களுக்குள் சண்டையாகிவிடும். என்ன கிடைத்தால் ஓட்டுவேன் என்று சொல்லுங்கள். டெஸ்பாட்ச் பேப்பர் கையில் வந்ததும் டெஃபர்ட் லிஸ்டை, அதாவது சரி செய்யாமல் தள்ளி வைத்த பழுதுகளின் பட்டியலைப் பாருங்கள். ஏபியு அதில் இருந்தால் கிளம்பும் நேரத்து வெப்பநிலையைப் பாருங்கள். அப்போதே, விமானத்துக்குப் போகும் முன்பே, ஆபரேஷன்ஸுக்குப் போன் போட்டு ஏரோபிரிட்ஜ் உள்ள பே கேளுங்கள். இல்லையென்றால் தரை ஏசி வண்டியும் ஸ்டார்ட் வண்டியும் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து, கேபின் 27-க்கு இறங்கின பிறகுதான் போர்டிங் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் வண்டி விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வரை கதவை மூட வேண்டாம். ஏடிசி-யிடம் (விமானக் கட்டுப்பாட்டு மையம்) ஸ்டார்ட்-அப் நேரத்தையும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கதவு மூடியதிலிருந்து எஞ்சின் ஓடும் வரை உள்ள இடைவெளிதான் ஆட்களைச் சாய்க்கிறது. அந்த இடைவெளியைச் சுருக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கேபின் வெப்பம் தெரிய காக்பிட் திரையான ஈகாமில், ஏசி விவரம் காட்டும் காண்ட் பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். ஏ320-இல் கேபின் சென்சார்கள் இருப்பது லாவட்டரி, கேலி காற்றோட்டக் குழாய்களில். காற்றே ஓடாதபோது அந்த எண், ஜன்னலோரம் வெயில் படும் 23-ஆவது வரிசையின் நிலைமையைச் சொல்லாது. பின்னால் இருக்கும் க்ரூவை இன்டர்காமில் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள். அந்த எண்ணையும் க்ரூ சொன்னதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பிற்பாடு யார் கேட்டாலும் உங்களுக்குத் துணை அந்தக் காகிதம்தான்.

சரி, ஃபர்ஸ்ட் ஆபீசர் என்ன செய்வது? விமானத்தை ஏற்பதும் மறுப்பதும் கேப்டனின் முடிவு, அதை நீங்கள் எடுக்க முடியாது. ஆனால் அவர் அந்த முடிவை எடுக்கும்போது உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது வந்திருக்க வேண்டும். சிஆர்எம் (காக்பிட்டில் குழுவாகப் பேசி வேலை செய்யும் முறை) வகுப்பில் படிப்படியாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முதலில் கேள்வியாகக் கேளுங்கள்: “சார், ஸ்டார்ட் வண்டி எப்ப வருதுன்னு கேக்கட்டுமா?” இதற்கு எந்தக் கேப்டனும் கோபப்பட மாட்டார். அடுத்து உண்மையை மட்டும் வையுங்கள்: “சார், கேபின் 36, வண்டி வர இருபது நிமிஷம் ஆகுமாம்.” அதற்கும் அசையவில்லை என்றால்: “சார், கதவை மூட வேணாம்னு தோணுது. வண்டி வந்ததும் மூடிக்கலாம்.” கடைசியாக: “சார், இந்த நிலையில எனக்கு இது சரியாப் படல. இறக்கி விட்டுடலாம்.” குரலை உயர்த்தவே தேவையில்லை. பத்தில் ஒன்பது கேப்டன்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே திரும்பிப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில், எனக்கும் அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்த நாட்கள் உண்டு. அந்த நாள் என் பக்கத்தில் இருந்த பையனும் உங்களைப் போலத்தான், பேசாமல் இருந்தான். அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவன் பேசுகிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை.

அப்பா அடகு வைத்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நானும் கடனில் படித்தவன்தான். விமானத்தை மறுத்தால் போன் வரும். டியூட்டி மேனேஜர் கேட்பார், அப்புறம் பேஸில் கூப்பிட்டுக் கேட்பார்கள். ரோஸ்டர் கொஞ்ச நாள் சரியில்லாமல் போகலாம். இதெல்லாம் நடக்காது என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் மறுத்தது கேப்டன், நீங்கள் சொன்னது வெப்பநிலையும் நேரமும் மட்டும் என்றால் உங்கள் மேல் கை வைக்க எதுவும் இருக்காது. உணர்ச்சியாகப் பேசாதீர்கள், கம்பெனியைத் திட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் எதையும் போடாதீர்கள். எண், நேரம், எம்இஎல் பக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில இளைஞர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளப் பிரச்சினைக்கோ ரோஸ்டர் பிரச்சினைக்கோ பழிவாங்கும் ஆயுதமாக ஸ்னாக் (பழுதுக் குறிப்பு) எழுதுவதும் விமானத்தை மறுப்பதும் கூடவே கூடாது. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகர ஃபெடரல் நீதிமன்றம், யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் திட்டமிட்டு வேலையை மந்தமாக்குகிறது என்று கண்டு அதற்குத் தடை விதித்தது. பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம் என்று சங்கம் சொன்னது எடுபடவில்லை. இப்படி ஒரு சந்தேகம் ஒரு முறை விழுந்துவிட்டால், அடுத்து உண்மையாகவே மறுக்கிறவரையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஜனவரியில் டெல்லியில் எட்டு டிகிரி குளிரில், எல்லா வண்டியும் தயாராக நிற்கும்போது, ஏபியு இல்லை என்று நான் விமானத்தை மறுத்ததில்லை. அன்றைக்கு அதைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். ஜூனில் நான் சொல்வதற்கு மதிப்பு இருந்தது அதனால்தான்.

கடைசியாக, அந்த நாளைப் பற்றி நீங்கள் இன்னும் ரிப்போர்ட் எழுதவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தாமதமானாலும் பரவாயில்லை, கம்பெனியின் சேஃப்டி ரிப்போர்ட் சிஸ்டத்தில் எழுதுங்கள். கேப்டனைக் குறை சொல்லி வேண்டாம். ஏழாவது நாள் ஏபியு இல்லாத விமானத்துக்கு மதியம் இரண்டு மணிக்கு யார் ரிமோட் பே ஒதுக்கினார்கள், மூன்று விமானத்துக்கு ஒரு ஸ்டார்ட் வண்டியா, வண்டி வராதபோது கதவை மூடச் சொல்லி அவசரப்படுத்தியது யார் என்று கேள்விகளாக எழுதுங்கள். எழுதும் முன் அந்தக் கேப்டனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரும் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டார். முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுங்கள்.

அந்தக் கர்ப்பிணிப் பெண் இப்போது எப்படி இருக்கிறார் என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் விசாரித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி.